நூலகத்தில் இலவசம் இருக்க, வரலாற்று மின்னிதழுக்கு எதற்குச் சந்தா?

4 ஜனவரி 2025 (சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து ஒருவர் இணைய இழையில் கேட்டது)

"தேசிய நூலகக் கணக்கு இருந்தால் போதும், லிப்பி, பிரஸ்ரீடர் செயலிகளில் ஆயிரக்கணக்கில் சஞ்சிகைகள் சும்மா கிடைக்கின்றன. நூலக வாரியத்தின் வரலாற்று இதழ் பிப்ளியோஏஷியா இலவசம். பழைய நாளிதழ்களும் இணையத்தில் இலவசம். இதையெல்லாம் விட்டுவிட்டு, நாலு பேர் சேர்ந்து நடத்தும் வரலாற்று மின்னிதழுக்கு வருடச் சந்தா கட்டுவது வெட்டிச்செலவு என்கிறேன். யாராவது மறுக்கிறீர்களா?"

4 ஜனவரி, இரவு

மறுக்கிறேன். நான் கட்டுகிறவன்.

என்னுடையது இந்தியப் பெருங்கடல் கப்பல், சரக்கு, துறைமுகம் பற்றிய காலாண்டு இதழ். பெயர் வேண்டாம், விளம்பரம் செய்கிறேன் என்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஆங்கிலம், பிடிஎஃப் மட்டும்தான். வருடத்துக்கு 30 அமெரிக்க டாலர்.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. லிப்பியில் வரலாற்றுச் சஞ்சிகைகள் உண்டு, நானே புரட்டுகிறேன். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பெரிய பதிப்பகங்களுடையவை. அட்டையில் ரோமாபுரி, உள்ளே இரண்டாம் உலகப் போர், கடைசியில் எட்டாம் ஹென்றியின் மனைவிமார். அடுத்த மாதம் வரிசையை மாற்றிப் போடுவார்கள். நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் நடுவே ஓடிய கப்பலில் என்ன ஏற்றினார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதும் இதழ் அந்தக் கூட்டத்தில் நிற்காது. நின்றாலும் விற்காது.

5 ஜனவரி

பிப்ளியோஏஷியாவைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனால்தான். 2005-லிருந்து நூலக வாரியம் நடத்துகிறது, அடிக்குறிப்புகள் ஒழுங்காக இருக்கும், பழைய இதழ்களையும் இணையத்தில் படிக்கலாம். இலவசமாக இவ்வளவு தரமான இதழ் கிடைக்கிற ஊர்கள் அதிகம் இல்லை.

ஆனால் அதன் எல்லை சிங்கப்பூர். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் கட்டுரை முடிந்துவிடும். அது எங்கே போனது, போன இடத்தில் யார் சரக்கை இறக்கினார்கள், கடனை யார் ஏமாற்றினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். கப்பல் சரக்குக் கணக்கிலேயே வேலை பார்ப்பவன், புத்தி அங்கேதான் போகும்.

11 ஜனவரி

"உதாரணம் கொடுங்கள், பொதுவாகப் பேசாதீர்கள்" என்று இரண்டு பேர். சரி.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து மேலே ஏறினால் எதிரே வெள்ளையாக நிற்பது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி. 1825-லிருந்து 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இந்த ஊரில் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், இன்றைய இஸ்தானாவையும் எழுப்பினார்கள். தேவாலயத்தின் சுவர்ப்பூச்சு 'மதராஸ் சுண்ணாம்பு'. இலவசக் கட்டுரைகள் எதைத் திறந்தாலும் "முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்தார்கள்" என்று ஒரே வரி. ஒருவர் எழுதியதை இன்னொருவர், அதை மூன்றாமவர். கூடவே ஒரு ஆச்சரியக்குறி.

நம் மின்னிதழில் அந்த ஒரு வரிக்கே ஒரு கட்டுரை. கைதிகளை வைத்து வேலை வாங்கிய பொறியாளர் மேக்நேர் 1899-ல் அச்சிட்ட குறிப்பிலிருந்து படிப்படியாகப் போகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்துக் குழைப்பது. தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுப் பதமாக்குவது. சுவரில் பூசிக் காய்ந்ததும் உருண்டைக் கல்லாலோ படிகக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது, நடுநடுவே மாக்கல் பொடியைத் தூவிக்கொள்வது. பளபளப்பு முட்டையால் மட்டும் வரவில்லை, பாதி அந்தத் தேய்ப்பால் வந்தது. எத்தனை கைகள் எத்தனை நாள் தேய்த்திருக்கும் என்று யோசித்தால், கூலியில்லாத ஆள்பலம் இல்லாமல் இந்தச் சுவர் நின்றிருக்காது என்பது தானாகப் புரியும். அந்த இடத்தில்தான் கட்டுரையை முடித்திருந்தார்கள். எனக்கு அந்த ஒரு இதழிலேயே சந்தாக் காசு வசூலாகிவிட்டது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் காரைக்குடிப் பக்கம், செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சைப் பார்த்து வளர்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "கடுக்காய் போடலையா? வெறும் மட்டைத் தண்ணியிலயா சொவரு நிக்கிது?"

கட்டுரையில் கடுக்காயே இல்லை. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

11 ஜனவரி, கொஞ்சம் கழித்து

இல்லை ஐயா, முட்டை விற்கிற விலையில் உங்கள் வீட்டுச் சுவருக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி தருமா என்றும் என்னைக் கேட்காதீர்கள்.

19 ஜனவரி

காசு விவரம் கேட்டவர்களுக்கு.

வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் இங்கே ஜிஎஸ்டி உண்டு. அன்று 7 விழுக்காடு, 2023-ல் 8, 2024 முதல் 9. ஆனால் எல்லா நிறுவனமும் அதை வசூலிக்க வேண்டியதில்லை. உலக அளவில் ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டி, அதில் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களிடம் விற்றது 1 லட்சம் வெள்ளியையும் தாண்டினால்தான் பதிந்துகொள்ளும் கட்டாயம். நாலு பேர் நடத்தும் வரலாற்று இதழ் அந்தக் கோட்டைக் கனவில்கூடத் தொடாது. அதனால் அவர்கள் தளத்தில் நேரடியாகக் கட்டினால் போட்டிருக்கும் விலைதான். அதே இதழைப் பெரிய செயலிக் கடை வழியாக வாங்கினால் கடைக்காரரே விற்பவர் கணக்கில் வருவார், 9 விழுக்காடு ஏறும். கடை எடுத்துக்கொள்ளும் பங்கு வேறு, அது ஆசிரியரின் பங்கில் குறையும்.

இன்னொன்று. பணம் கட்டும் பக்கத்தில் "சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?" என்று பரிவோடு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. இதழின் சொந்த நாணயத்தில் கட்டி, வங்கியின் வெளிநாட்டுக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வது பொதுவாக மலிவு. தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் இருக்கும் டிக்கை முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

26 ஜனவரி

ஜூரோங் அக்கா, தமிழில் இப்படி இதழ் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 2004-ல் தொடங்கிய வரலாறு டாட் காம் இலவச மின்னிதழ்தான். திருச்சி மருத்துவர் கலைக்கோவனை ஒட்டி வளர்ந்த இளைஞர்கள் நடத்தியது. கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைக் கையால் தடவிப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள், படித்தாலே வித்தியாசம் தெரியும். அச்சில் வேண்டுமென்றால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழ், 1991 முதல் வருகிறது. புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டுகளை அதில் பாடத்தோடு போடுவார்கள். தூக்கம் வராத இரவுக்கு ஏற்றதல்ல, தூக்கம் போய்விடும்.

பழைய தமிழ் மின்னிதழ்களைத் திறந்தால் கட்டம் கட்டமாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது என்றீர்களே, உங்கள் கணினியில் கோளாறு இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தெரியாது. டிஸ்கி, டாப், டாம் என்று வகைவகையாக இருந்தது. மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் இணையத்தில் இலவசமாக உண்டு, ஒட்டினால் படிக்கலாம்.

இந்தக் கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாள்களில், 1995 வாக்கில், முன்னால் நின்றவர் நம் நா. கோவிந்தசாமி. கணியன் விசைப்பலகை அவருடையது. 1997-ல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். தமிழ்க் கணினி வல்லுநர்களின் உத்தமம் அமைப்பு 2000-ல் தொடங்கியதும் இங்கே நடந்த மாநாட்டில்தான். 1999-ல் கோவிந்தசாமி போய்விட்டார், ஐம்பத்து மூன்று வயதுதான். இதையே ஒரு சிறு மின்னிதழ் விரிவாக எழுதினால் நான் இரண்டு வருடத்துக்கு முன்பணம் கட்டத் தயார்.

30 ஜனவரி, சீனப் புத்தாண்டு விடுமுறை

கடை எல்லாம் மூடியிருக்கிறது, உட்கார்ந்து பழைய பிடிஎஃப்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒரு எச்சரிக்கை.

மின்னிதழை "வாங்கினேன்" என்கிறோமே, பல கடைகளில் அது வாடகைதான். ஆப்பிள் 2018-ல் டெக்ஸ்சர் என்ற சஞ்சிகைச் செயலியை வாங்கி அடுத்த வருடமே மூடியது. அதற்குப் பதில் வந்த சேவை சிங்கப்பூருக்கு வரவேயில்லை. கூகுள் 2020-ல் அச்சுப்படி சஞ்சிகை விற்பதை நிறுத்தியது. அமேசான் கிண்டில் சஞ்சிகைச் சந்தாக்களை 2023 செப்டம்பரில் முடித்துக்கொண்டது. எல்லாம் பெரிய கைகள், மூடும்போது ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு கடையில் அப்படி நடந்தது. பெயர் வேண்டாம். வருடக்கணக்கில் சேர்த்த இதழ்கள் ஒரு காலை திறந்தபோது வெறும் அட்டைப் படங்களாக நின்றன, தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று ஆரம்பித்துப் பதில் வந்தது. மேலே படிக்கவில்லை.

அன்றிலிருந்து, கோப்பாகத் தராத இதழுக்கு நான் சந்தா கட்டுவதில்லை. சிறு இதழ்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். செயலி செய்யக் காசில்லாததால் பிடிஎஃப் அனுப்புகிறார்கள், நமக்கு அது நல்லதாகப் போகிறது. வந்த அன்றே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். நூலக வாரியச் சட்டத்தை மாற்றி, 2019-லிருந்து சிங்கப்பூர்த் தளங்களை வாரியமே இணையக் காப்பகத்தில் சேர்த்து வைக்கிறது. வெளிநாட்டு இதழுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, நம் வன்தட்டுதான் கதி.

கைப்பேசியில் படிக்க முடிகிறதா என்றால், இரண்டு பத்திப் பக்கத்தை ரயிலில் நின்றுகொண்டு படிப்பது கண்ணுக்குத் தண்டனை. நான் பலகைக் கணினியில் படிக்கிறேன். வரைபடம் இருக்கும் பக்கங்களை மட்டும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் அச்செடுத்துக்கொள்வேன்.

2 பிப்ரவரி

இழை திசை மாறிவிட்டது. யாரோ அந்த வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்: "சிங்கப்பூர்க் கல்லில் ராஜேந்திர சோழன் பெயர், ஆங்கிலேயர் வேண்டுமென்றே உடைத்தார்கள், பகிரவும்." பகிர்ந்தவர்களுக்குக் கோடி புண்ணியம். இப்போது தெரிந்ததைப் பார்ப்போம்.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில், ஓர் ஆளுக்கு மேல் உயரமுள்ள பெரிய மணற்பாறை இருந்தது. அதில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்து. 1843-ல் ஆற்று வாயை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்தார்கள். சோழன் மேல் கோபம் எல்லாம் இல்லை, பொதுப்பணிக்காரருக்கு அது வழியில் கிடந்த பாறை. சில துண்டுகளைக் காப்பாற்றியவரும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிதான், ஜேம்ஸ் லோ. துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒன்று திரும்பி வந்து இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்து, பழைய ஜாவாவின் 'காவி' எழுத்து வகை என்பார்கள். முழுசாக யாரும் படித்ததில்லை.

சோழன் எங்கிருந்து வந்தான் என்றால், 2019-ல் இயான் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அந்தத் துண்டில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைப் படித்து, அது 'பரகேசரிவர்மன்' என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். அவர் சொன்னது 'இருக்கலாம்'. வாட்ஸ்அப் சொன்னது 'இருக்கிறது'.

நம் இதழில் இதைப் பற்றி வந்த கட்டுரை ஒரு சின்ன சந்தேகத்தை எழுப்பியது, தமிழ் வாசகனுக்கு உடனே பிடிபடும். சோழர்கள் பரகேசரி, இராஜகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூடியவர்கள். இராஜராஜன் இராஜகேசரி, அவன் மகன் இராஜேந்திரன் பரகேசரி. ஆக, அந்த வாசிப்பு சரியென்றே வைத்துக்கொண்டாலும் 'பரகேசரி' என்பது ஒரே ஒருவனைக் காட்டாது. 'கேசரி' மட்டும் என்றால் இராஜகேசரிகளும் வரிசையில் வந்து நிற்பார்கள். 1025 வாக்கில் நடந்த படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம், கடாரம் என்று பெயர்கள் அடுக்கி வரும். சிங்கப்பூரின் பழைய பெயரான துமாசிக் அதில் கிடையாது. கடற்படை இந்த நீரிணை வழியாகப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

3 பிப்ரவரி

"தமிழன் பெருமையைக் குறைக்கிறீர்கள்" என்று தனிச்செய்தி வந்திருக்கிறது. அண்ணே, சுமத்ராவில் பாருசுக்குப் பக்கத்தில் லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு தெளிவாகக் கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டம் பொறித்தது. தாய்லாந்தின் தக்குவாபாவில் அதற்கும் முந்தைய தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தைப் பற்றியது, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரோடு. சந்தேகமே இல்லாத பெருமை இவ்வளவு இருக்க, உடைந்த கல்லில் ஏன் தேட வேண்டும்?

16 பிப்ரவரி

கடுக்காய்க்குப் பதில் வந்துவிட்டது!

ஆசிரியர் என் கடிதத்தைப் புது இதழின் கடிதப் பகுதியில் அப்படியே போட்டிருக்கிறார், "வாசகரின் தாயார் கேட்கிறார்" என்ற குறிப்போடு. அம்மாவிடம் காட்டினேன். பெயரைப் போடவில்லையே என்று குறை. கீழே ஆசிரியரின் பதில்: மேக்நேர் குறிப்பில் கடுக்காய் இல்லை, ஆனால் அவர் எழுதியது மேல்பூச்சைப் பற்றி, அடியில் போன காரையை அவர் விவரிக்கவில்லை. அதற்கும் கீழே, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் ஒரு சந்தாதாரர் எழுதியிருக்கிறார்: தென்னிந்திய வழக்கத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் பெரும்பாலும் காரை குழைக்கப் போகும், முட்டை கடைசி மெருகுப் பூச்சுக்கு. ஆகவே இரண்டும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரில் கடுக்காய் பயன்பட்டதா என்பதற்கு இது சான்று ஆகாது என்றும் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் ஜனவரி 4-ஆம் தேதி எழுதியதில் இதைச் சேர்க்கவேண்டும். அன்று, அரிதான விஷயம் கிடைக்கிறது என்பதற்காகச் சந்தா கட்டுகிறேன் என்ற மாதிரி எழுதினேன். அரிதான விஷயம் தேடினால் வேறு இடத்திலும் கிடைக்கும். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் மேல்மாடிகளில் உட்கார்ந்தால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஒரு கட்டுரையில் ஓட்டை இருக்கிறது என்று எழுதினால், ஓர் ஆசிரியர் அதை எடுத்துப் பார்த்து, தெரிந்தவரிடம் கேட்டு, அடுத்த இதழிலேயே பதில் சொல்கிறார் பாருங்கள், காசு அதற்குத்தான். பெரிய சஞ்சிகைக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி". இலவசத் தளத்தில் எழுதினால் கீழே நாலு கைகூப்பு.

1 மார்ச்

"அந்தப் பிடிஎஃப்பைக் கொஞ்சம் அனுப்புங்களேன், படித்துவிட்டு அழித்துவிடுகிறேன்." அழித்தவரை நான் பார்த்ததில்லை.

அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தனி இதழாகவும் விற்கிறார்கள், ஒன்று வாங்கிப் பாருங்கள்.

நம் ஊரில் சந்தாவை நம்பிய இதழ்களின் கதை நீளமானது. மகுதூம் சாயபு 1887-ல், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி, சிங்கை நேசனைத் தொடங்கினார். வார இதழ். 1890-ல் நின்றுவிட்டது. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935 ஜூலை 6-ல் பிறந்து இன்றும் வருகிறது. இரண்டு பெயருக்கும் நடுவே வந்து போன இதழ்கள் எத்தனையோ. சிங்கை நேசன் இதழ்களை நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகத்தில் இன்று யாரும் புரட்டலாம். வாரியம் செய்திருக்கும் வேலைக்குக் கும்பிடு. ஆனால் அன்றைக்கு யாரோ எழுதி, அச்சுக் கோத்து, காசு கேட்டு அலைந்ததால்தான் இன்று இலவசமாகத் தர வாரியத்திடம் ஏதோ இருக்கிறது. இதை நம் பொங்கோல்காரர் யோசிக்கலாம்.

8 மார்ச்

பொங்கோல்காரர் தனி இதழ் ஒன்று வாங்கிவிட்டாராம், சந்தா இன்னும் இல்லையாம். போதும் தம்பி, அவசரமே இல்லை. மூன்று இதழ் படித்தும் ஆசிரியரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை என்றால், அந்த இதழ் உங்களுக்கானதில்லை. விட்டுவிடுங்கள்.

நீங்கள் வாங்கியதில் பெட்ரா பிராங்கா கப்பல்கள் கட்டுரை இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். 2021-ல் அறிவித்தார்களே, அந்த இரண்டு சிதைவுகள். 14-ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள், அதில் சீனப் பீங்கான் இருந்ததால் படம் நன்றாக வரும். எனக்கு மற்றது பிடித்தது: இந்தியாவில் கட்டிய ஷா முஞ்சா, 1796-ல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது மூழ்கியதாகக் கருதப்படுகிறது. அதன் சரக்குப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள், எடைகளைப் பிக்கல் என்ற பழைய எடை அளவில் கொடுத்து. அடியில் கூட்டுத்தொகை எனக்கு ஒத்துவரவில்லை. நீங்களும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் ஆசிரியருக்கு நீங்களே எழுதுங்கள்.